நாலில் நின்ற முள்

ஃபேனை நிறுத்தியாயிற்று, டியூப்லைட்டை அணைத்தாயிற்று, அடுப்படியில் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று, செல்போன் இரண்டையும் அரிசி டின்னுக்குள் போட்டு மூடியாயிற்று. இனி அரை மணி நேரம் நான் பேசக் கூடாது, அசையக் கூடாது, அவரைத் தொடக் கூடாது. மணி இரண்டரை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்டானி எனக்குக் கையைக் காட்டுகிறான், ஆரம்பிக்கிறேன் என்று. சின்ன வயதில் பூசையில் மணி அடிக்கிற நேரம் வந்ததும் பீடத்திலிருந்து என்னைத் தேடிப் பார்ப்பானே, அதே பார்வை. முப்பது வயதாகியும் அது மட்டும் மாறவில்லை. நான் தலையை ஆட்டுகிறேன். நீல பிஸ்கட் டப்பாவின் ஓரத்தில் இருக்கிற சுவிட்சைத் தட்டுகிறான். என் வீட்டுக்காரர் கஸ்பார் மல்லாந்து படுத்திருக்கிறார், ஏழு மாதமாகப் படுத்திருக்கிற மாதிரியே, கண் திறந்து, பார்வை எங்கும் நிற்காமல். மூக்கில் கஞ்சிக் குழாய். வலது காதில் குட்டி இயர்போன். நெற்றியில் ஒன்று, உச்சியில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று என்று தலையில் மூன்று வயர், பசை தடவி ஒட்டியது, தினமும் முடியை விலக்கிப் பிடித்துக்கொடுப்பது நான்தான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, செபமாலையில் துயர மறைபொருள் சொல்கிற நாள். மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆண்டவரே, இன்றைக்கு டப்பா மீட்டரில் முள் ஏறட்டும். இன்றைக்கு ஏறினால்தான் அது ஏற்றம். இத்தனை நாள் ஏறினது என்னவென்று உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது.

அந்த டப்பா ரெஜினாவின் மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்கும்போது கொண்டுவந்தது. ரெஜினா என் மூத்தவள். பிஸ்கட் தீர்ந்த பிறகு ஊசி, நூல், பித்தான் எல்லாம் அதில்தான் கிடந்தது. ஸ்டானி அவ்வளவையும் ஒரு தலையணை உறைக்குள் கொட்டிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டான். எதுக்குய்யா என்றேன். வெளிக் கரண்டு உள்ள வராம இருக்கணும்மா, அதுக்குத் தகரம் வேணும் என்றான். பெங்களூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கருவிகள் செய்து கொடுக்கிற வேலை அவனுக்கு. அப்பா விழுந்த மறுநாள் ஓடி வந்தவன், திரும்பிப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், நல்ல மனுஷன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேட்குதா, உள்ள ஏறுதான்னு நிச்சயமா சொல்ல முடியலம்மா. டெஸ்ட் எடுத்ததுலயும் தெளிவா இல்ல. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருங்க." அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது ஸ்டானி அந்த டெஸ்ட் தாளையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் இறங்கியதும், நான் கண்டுபிடிக்கிறேன்மா என்றான். மூன்று மாதம் அந்த டப்பாவுக்குள் ஈயத்தை உருக்கி உருக்கி ஒட்டினான். வீடெல்லாம் குங்கிலியம் கருகின மாதிரி ஒரு வாசனை, கோயிலுக்குள் இருக்கிற மாதிரி எனக்கு அது பிடிக்கும். முதல் பலகை புகைந்து போயிற்று. இரண்டாவது, பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டார் போட்டால் துள்ளியது. மூன்றாவதுதான் இது. லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் என்று பேர் சொன்னான், எனக்கு நாக்கில் வரவில்லை, எட்டாவதோடு நின்றவள்தானே, டப்பா என்றே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அது என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்தது, அவன் புரியவைத்தான். "எம்மா, மாதா திருவிழாவுல சப்பரம் வரும்போது கூட்டத்துல என்னைத் தொலைச்சிட்டன்னு வை." அப்படியெல்லாம் சொல்லாத என்றேன். "சும்மா வைம்மா. நான் எங்கயோ நின்னு கை தட்டுறேன். உனக்குக் கேட்குமா?" அந்தக் கூச்சல்ல எங்க கேட்கும்? "கேட்காதுல்ல. ஆனா நான் எந்தெந்த நொடியில தட்டுவேன்னு உனக்கு முன்னாலயே தெரியும்னு வை. அந்த நொடியில மட்டும் காதைத் திறக்கிற, மத்த நேரம் பொத்திக்கிற. ஒரு தடவையில தெரியாது. பத்துல தெரியாது. ஆயிரம் தடவை சேர்த்துக்கிட்டே வந்தன்னா கூச்சல் ஒண்ணையொண்ணு தள்ளிக் கரைஞ்சிரும், என் தட்டு மட்டும் சேரும்." அப்பா காதுக்குள் போகிற சத்தம் நொடிக்கு நாற்பது தடவை ஏறி இறங்குமாம். அவர் மூளை அதைக் கேட்டால் அதுவும் கூடவே நாற்பது தடவை துடிக்குமாம், ரொம்பச் சின்னத் துடிப்பு, மற்ற இரைச்சலுக்கெல்லாம் அடியில் கிடக்குமாம். டப்பாவுக்கு அந்தத் தாளம் தெரியும், அரை மணி நேரம் பொறுமையாகக் கூட்டிக்கொண்டே இருக்கும், சேர்ந்தால் முள் ஏறும். செபமாலை மாதிரி என்றேன் நான். ஐம்பத்து மூன்று தடவை ஒரே செபம், பாதியில் மனசு மீன் மார்க்கெட்டுக்குப் போய்விடும், ஆனாலும் எங்கேயோ சேர்ந்துகொண்டுதானே வருகிறது. அவன் சிரித்துவிட்டான். "அப்ப உன் மாதாவும் லாக்-இன்தான்" என்றான். வாயில போடுவேன் என்று கையை ஓங்கினேன். அவர் விழுந்த பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அவருக்குக் கேட்டிருக்குமா?

முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த முள்ளும் மீட்டரும் அவருடையதுதான், வேலைக்குப் போகிற பையில் முப்பத்து நாலு வருஷம் கிடந்தது. டெலிபோன் டிபார்ட்மெண்டில் கேபிள் ஜாயிண்டர். ரோட்டில் குழியைத் தோண்டி உள்ளே உட்கார்ந்து, கை மொத்தக் கேபிளைப் பிரித்து, நூற்றுக்கணக்கான வயர்ச் சோடியில் எது எந்த வீட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து ஒட்டுகிற வேலை. அந்தக் கோடியில் ஒரு கருவியை மாட்டி "ம்ம்ம்" என்று ஒரு ராகம் அனுப்புவார்கள், இந்தக் கோடியில் இவர் காதில் குழலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சோடியாகத் தொட்டுக்கொண்டு போவார். கல்யாணம் ஆன புதிதில் நான் சாப்பாடு கொண்டுபோனால் குழிக்குள்ளிருந்து தலை மட்டும் தெரியும், ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், பேசாதே என்று. ஆறிப்போன சோற்றோடு நிற்பேன். கிடைத்ததும் முகம் மலர்ந்துவிடும், "என் சோடி என்னையக் கூப்பிட்டுட்டு, இனி நீ கூப்பிடு" என்பார். ஸ்டானியும் அப்பாவின் பிள்ளைதான், அதே விரல், அதே பேசாதே. இப்போது அவர் கிடக்கிற குழி வேறு. நாங்கள் மேலே நின்று ராகம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. துடைக்கக் கூடாது. தொட்டால் கணக்கு கெட்டுவிடும், முதலிலிருந்து ஓட்ட வேண்டும். நாற்பத்தொரு நாளாக இந்த நேரத்தில் அவரை இப்படி வேக வைக்கிறேன். ஜன்னல் மூடியிருக்கிறது, ஓட்டு வெயில் இறங்குகிறது, முதுகில் வந்திருக்கிற புண்ணில் இந்த வேர்வை பட்டால் எரியும். எரிந்தால் அவர் முனகக்கூட மாட்டார். அருள் நிறைந்த மரியே. இது எத்தனையாவது மணி? விரல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முதல் எட்டு நாள் முள் ஏறவே இல்லை. ஸ்டானி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான், ஒவ்வொரு நாளும் தேதி, நேரம், பூஜ்யம். பூஜ்யம், பூஜ்யம் என்று எட்டு. எட்டாம் நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். ஒன்பதாம் நாள் காலையில் நான் அறையைக் கூட்டினேன். வயரெல்லாம் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று தரையில் தொங்கிக் கிடந்தது. முந்தின நாள்தான் காதுக்குப் போகிற வயரில் என் கால் மாட்டி விழப் பார்த்தேன். சே, இப்படியா போட்டு வைக்கிறது என்று எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து வாரி, ரெஜினாவின் மகள் புதுநன்மைக்கு, முதல் நற்கருணை வாங்கின அன்றைக்கு, தலையில் கட்டின வெள்ளை ரிப்பன் ஒன்று கிடந்தது, அதை வைத்து நாலு இடத்தில் பூப்போட்டுக் கட்டி, கட்டில் கால் ஓரமாக அழகாக விட்டேன். மத்தியானம் ஸ்டானி பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றுதான் சொன்னான். அன்றைக்கு முள் ஏறியது. மெல்ல, மெல்ல, தேர் நகர்கிற மாதிரி, ஒன்று, இரண்டு, மூன்று தாண்டி நாலில் வந்து நின்றது. அசையவே இல்லை. ஸ்டானி என்னை இடுப்போடு தூக்கிவிட்டான், அறுபத்தொரு வயதுப் பொம்பளையை. "கேட்குறாரும்மா! அப்பா கேட்குறாரு!" நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் அன்றைக்குத்தான் முடிந்திருந்தது. அவள் கேட்டுக் கொடுத்தாள் என்று மெழுகுதிரி வாங்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். ரிப்பனைப் பற்றி யார் நினைத்தது?

அதன் பிறகு தினமும் நாலு. நோட்டு முழுக்க நாலு. சுவரில் அமலியின் படம் இருக்கிறது, அதன் கீழேதான் அந்த நோட்டு எப்போதும் கிடக்கும். அமலி என் இரண்டாவது, பதினோரு மாதம்தான் இருந்தாள். ஸ்டானி அவளுக்குப் பிறகு பிறந்தவன், அவனுக்கு அவள் அந்தப் படம் மட்டும்தான். அந்த மழை வருஷம் ஊரெல்லாம் தண்ணி, கேபிளெல்லாம் முங்கிப்போய், இவர் மூன்று நாளாகக் குழியிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரம் வந்தார், நின்றபடியே சாப்பிட்டார், தலையிலிருந்து தண்ணி சொட்டச் சொட்ட. தொட்டிலைப் பார்த்து, "பிள்ள ஏன் சிணுங்குது?" என்றார். பல்லு முளைக்குது என்றேன். அப்போதே உடம்பு சுட்டது. எனக்குத் தெரியும். சொன்னால் இந்த மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், ஓடினால் வேலை கெடும், கோயில் எண்ணெய் தேய்த்திருக்கிறேன், செபம் சொல்லியிருக்கிறேன், விடிந்தால் குறைந்துவிடும். அப்படித்தான் நினைத்தேன். விடியும்போது அவர் மறுபடி வேலைக்குப் போய்விட்டார், அன்றைக்கு மத்தியானம் பிள்ளைக்கு வெட்டு வந்து, கைகால் இழுத்து, கண் செருகிவிட்டது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது என்று கேட்டார். காலையில நீங்க போன பிறகு என்றேன். வாய் சொல்லிவிட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டார், "நான் அன்னிக்கு லீவு போட்டிருக்கணும். நான் இருந்திருக்கணும்" என்று. அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம், அமலி செத்த நாள் வந்தால், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அதையே சொல்வார், நான் லீவு போட்டிருக்கணும். நான் குழம்பை ஊற்றுவேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், கடவுள் மன்னிச்சிட்டாரும்மா என்று சொன்னார் அவர். கடவுளிடம் நான் பொய் சொல்லவில்லையே. சொன்னது இவரிடம். முப்பது வருஷத்துக்கும் மேல் சொல்ல வாய் வரவில்லை. முள் நாலில் நின்ற பதினஞ்சாவது நாளோ என்னவோ, டப்பாவை ஓடவிட்டு ஸ்டானி கடைக்குப் போயிருந்தான். நான் குனிந்து, இயர்போன் இல்லாத காதில் வாயை வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பல்லு முளைக்கல. முந்தின நாளே சுட்டுது. நீங்க ஒண்ணும் செய்யல, நான்தான். சொல்லிவிட்டு நிமிர்ந்து முள்ளைப் பார்த்தேன். நாலு. ஆடவில்லை, விழவில்லை, அப்படியே நின்றது. அவர் கேட்டுவிட்டார், கேட்டும் கோபப்படவில்லை, இங்கதான் இருக்கேன் என்று நிற்கிறார். எனக்கு அது மன்னிப்பு. இடுப்பிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி எழுந்து போய் சோறு வடித்தேன். அன்றைக்கு நல்லா பசித்தது எனக்கு.

பதினஞ்சு நிமிஷம் தாண்டியிருக்கும். முள் கொஞ்சம் நகர்ந்ததா? நகர்ந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் போனது. இல்லை, திரும்பிவிட்டது. ஸ்டானி முன்னால் சாய்கிறான். அவன் கழுத்து நரம்பு தெரிகிறது, எவ்வளவு மெலிந்துபோனான். வெளியே உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, கண்ணாடி அதிர்கிறது. ஒரு ஈ அவர் உதட்டில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்காருகிறது. போ, போ. மனசுக்குள்ளேயே விரட்டுகிறேன். செவ்வாய்க்கிழமையும் இதே மாதிரி ஈ. பெங்களூரிலிருந்து கூப்பிடுவார்கள் என்று அன்றைக்கு ஸ்டானி தன் போனை டின்னில் போடாமல் வாசல் திண்ணையில் வைத்திருந்தான், அடித்ததும் எழுந்து போய்விட்டான், ஒன்றாம் தேதி வந்து சேராவிட்டால் வேறு ஆள் போடுவார்களாம். டப்பா ஓடிக்கொண்டிருந்தது. முள் வழக்கம் போல நாலில். அவர் காது மடலில் வேர்வை ஊறி இயர்போன் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. துடைக்கலாம் என்று எடுத்தேன். எடுத்தவள், என்ன தோன்றியதோ, அவருக்கு அப்படி என்னதான் கேட்கிறது என்று என் காதில் வைத்தேன். தும்பி ஒன்று குடத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம். ஐயோ பாவம், இதையா அரை மணி நேரம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன், முள் நாலில் நின்றது. சத்தம் என் காதில். அவர் காதில் ஒன்றுமில்லை. முள் நாலு. கொஞ்ச நேரம் ஆகும் இறங்க, மெல்லத்தானே இறங்கும் என்று நின்றேன். செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன், இன்னொரு பத்து சொன்னேன். நாலு. அப்புறம் இயர்போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினேன். நாலு. அந்தத் தும்பி யாருக்கும் கேட்காமல் தலையணைக்கு அடியில் கிடந்தது, முள் அசையாமல் நின்றது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் காதில் திரும்பச் சொருகிவிட்டு, பேசாமல் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டானி வந்து நோட்டில் நாலு என்று எழுதினான்.

சாயங்காலம் மீன் அலசும்போதுதான் அவர் குரல் வந்தது, நிஜமாகவே பின்னால் நின்று சொன்ன மாதிரி. வீடு கட்டின புதிதில் காலிங்பெல் வயரையும் டெலிபோன் வயரையும் நான் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ஆணி அடித்திருந்தேன், சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று. ரிசீவரை எடுத்தால் யாரோ வாசலில் பெல் அடிக்கிறது உள்ளே கரகரவென்று கேட்கும். வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஏட்டி, உனக்கு அழகு பார்க்க வேற எடமே கிடைக்கலியா? ரெண்டு வயர் ஒட்டிக்கிட்டுப் படுத்தா ஒண்ணோட பேச்சு இன்னொண்ணுல ஒழுகும்டி. கிராஸ் டாக்கு. அந்த வீட்டுச் சண்டை இந்த வீட்டுல கேட்கும்." ஒரு முழம் தள்ளித் தள்ளித் திரும்ப அடித்தார். மீன் கையிலிருந்து தொட்டிக்குள் விழுந்துவிட்டது. காதுக்குப் போகிற வயர், தலையிலிருந்து வருகிற வயர், நான் ரிப்பன் போட்டுக் கட்டினது. அவருக்குள் போய்த் திரும்பி வரவில்லை அந்தச் சத்தம். வழியிலேயே ஒழுகிப்போக, டப்பா தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நாலில் நின்றிருக்கிறது. படித்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாமல் இல்லை. அவனுக்கு நாலு வேண்டியிருந்தது, எனக்கும் வேண்டியிருந்தது. அப்படியானால் நான் சொன்னது? அமலியைப் பற்றி நான் சொன்னது எங்கே போயிற்று? என்னை மன்னித்தது யார், ஒரு ரிப்பனா?

மூன்று நாள் சொல்லவில்லை. புதன்கிழமை ரெஜினா வந்து முதுகுப் புண்ணைப் பார்த்துவிட்டுத் தம்பியோடு சண்டை. "ஏல, நீ படிச்ச படிப்புக்கு அப்பாவ ரேடியோவா ஆக்கிட்ட. முதுகு அழுகுது, அது தெரியுமா உன் முள்ளுக்கு? கன்னியர் இல்லத்துல ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட ஆள் இருக்கு. அம்மாவால தூக்க முடியுமா?" "அப்பா கேட்குறாருக்கா. கேட்குற மனுஷன யாரோ வீட்டுல கொண்டுபோய் விட உனக்கு மனசு வருதா?" "எனக்கு மட்டும் ஆசையா? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டியோட வாரேன். அப்பா கேட்குறாருன்னு எங்கண்ணால பார்த்தா, சத்தியமா ஒரு வார்த்த பேச மாட்டேன், நானும் இங்கயே வந்து இருந்துக்கிறேன். இல்லன்னா அப்பா எங்கூட வருவார்." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தேன். நாலைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். ரெஜினா நம்பிவிடுவாள், ஸ்டானி வேலையை விட்டுவிடுவான், அவர் இந்தக் கட்டிலிலேயே கிடப்பார், நான் மன்னிக்கப்பட்டவளாகவே சாகலாம். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். சொல்லாமல் இருக்கத்தான் எனக்கு நல்லாத் தெரியுமே. இன்றைக்கு மத்தியானம் அவருக்குத் துணி மாற்றும்போது கை தானாகப் போயிற்று. நாலு முடிச்சையும் அவிழ்த்தேன். காது வயரை ஜன்னல் பக்கம், தலை வயரைச் சுவர்ப் பக்கம், நடுவில் அவருடைய அகலம் முழுக்க இருக்கிற மாதிரி, அவர் அன்றைக்கு ஆணி அடித்த மாதிரியே தள்ளிப் போட்டேன். ரிப்பன் என் இடுப்பில் இருக்கிறது. ஸ்டானி வந்து முள்ளைத்தான் பார்த்தான், வேறு எதையும் பார்க்கவில்லை. இப்போது ஓடிக்கொண்டிருப்பது நிஜம். ஆண்டவரே, நாலு கேட்கவில்லை. ஒன்று போதும். அரை போதும். ஏங்க, நீங்கதான் காது வச்சா கண்டுபிடிக்கிற ஆளாச்சே, இருநூறு சோடியில ஒரு சோடிய, இத்தனை நேரமா கூப்பிடுறோமே, ஒரு விரலைத் தூக்கக் கூடாதா. மூன்றாம் மறைபொருள், முள்முடி. ஒரு பக்கம் ஏறுகிறது, அதே அளவு இறங்குகிறது. கூச்சல் ஒண்ணையொண்ணு தள்ளிக் கரைஞ்சிரும் என்றானே. கரைகிறது. கரைந்த பிறகு மிச்சம் எதுவும் காணோம்.

மாதா கோயில் மணி மூன்று அடிக்கிறது. ஸ்டானி எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டுகிறான். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். "பேட்டரி இறங்கியிருக்கும்" என்றான் கடைசியில், எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை. பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தான். நல்லாத்தான் இருந்தது. "பசை காய்ஞ்சிருக்கும்மா. நெத்தியில தண்ணி தொடு." தொட்டேன். மாட்டினான், தட்டினான், பூஜ்யம். ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது. "அக்கா அஞ்சு மணிக்கு வந்துருவா, இன்னிக்குப் பார்த்து..." என்று மூடியைத் திறக்கப் போனான்.

"திறக்காதய்யா. டப்பா நல்லாத்தான் இருக்கு" என்றேன். "நான் ரிப்பன அவிழ்த்துட்டேன்."

"எந்த ரிப்பன்?"

இடுப்பிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் கிடந்த வயரைப் பார்த்தான், சுவர்ப் பக்கம் கிடந்ததைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன், இயர்போன், என் காது, தலையணை, எல்லாம். நோட்டை எடுத்துப் புரட்டினான். "ஒன்பதாம் நாள்தான் கட்டினியா?" ஆமா. எட்டு பூஜ்யத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான். பிறகு அப்பாவின் வாயால் சொன்னான், கிராஸ் டாக்கு என்று. "கேட்கலன்னு அர்த்தம் இல்லம்மா" என்றான், "இந்த டப்பாவால சொல்ல முடியலன்னுதான் அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம்." சரிய்யா என்றேன். "இது யாரும் செய்யாத தப்பும்மா. நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட முதல்ல வயரத்தான் பார்ப்பான்." கட்டினது நான்தானே, நீ என்ன செய்வ என்றேன். அவன் அதைக் கேட்கவில்லை. நோட்டால் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் பார்த்திருக்கணும். நான்தான் பார்த்திருக்கணும்."

அதே குரல். அதே மாதிரி, தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வாரே, அதே குரல். அமலி படத்துக்குக் கீழே உட்கார்ந்து இவனும் அதையே சொல்கிறான், நான் செய்ததற்கு. குழம்பு ஊற்றிக்கொண்டு நின்ற கை எனக்கு இன்னும் இருக்கிறது. போதும்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமாம்மா? ஒரு மணி நேரம் வச்சா..."

"வேண்டாம்யா. அப்பாவுக்கு வேர்க்குது."

எழுந்து போய் ஃபேனைப் போட்டேன். டப்பாவை யாரும் நிறுத்தவில்லை. ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் முள் ஒரே துள்ளாகத் துள்ளிப் பத்தில் போய் மோதி அங்கேயே நின்று படபடத்தது, ஸ்டானியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவர் முகத்தை முந்தானையால் துடைத்தேன், ஈ போய்விட்டது. காற்றில் நெற்றி முடி அசைந்தது. காதிலிருந்த தும்பியை எடுத்து ஸ்டூலில் வைத்தேன். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தேன். ஸ்டானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் பேசட்டும் என்று வெளியே போக எழுந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நீயும் இரு என்றேன். ஃபேன் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"ஏங்க, அமலிக்குக் காய்ச்சல் அன்னிக்குக் காலையில வரல."